சிரிப்பதற்கு எழுதாத பாட்டு

1996ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு முதலாவது கொம்பியூட்டர் வந்தது. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் அதை வைக்க இடமில்லை. சாமிப்படத் தட்டுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டு அப்பா அதில் வைத்தார். இணைய இணைப்பு இல்லை. விளையாட்டுச் சீடி வாங்கக் காசும் இல்லை. விண்டோஸ் 95 சீடிக்குள் இலவசமாகக் கிடந்த ஓரிரு வீடியோக்களையே நானும் தம்பியும் மனப்பாடமாகும் வரைக்கும் பார்த்தோம். அதில் ஒன்று 'வீஸர்' என்ற குழுவின் 'பட்டி ஹொலி' பாட்டு.

நாலு பெடியன்கள், தலையை ஒழுங்காக வாரி, நல்ல பிள்ளைகளைப்போல் உடுத்திக்கொண்டு, பழைய காலத்து உணவகம் ஒன்றின் சின்ன மேடையில் நின்று பாடுகிறார்கள். கீழே பாவாடை சட்டைக்காரப் பெண்கள் ஆடுகிறார்கள். அது 1950களில் எடுத்த படம் என்று நான் முழுமையாக நம்பினேன். கிற்றாரின் இரைச்சல் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் காலத்திலும் யாராவது இப்படி வாசித்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவனிடம் அந்தப் பாட்டுக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன்.

அவன் சிரித்து முடிக்கச் சில நிமிடங்கள் எடுத்தன. அந்தக் குழு லொஸ் ஏஞ்சல்ஸில் 1992இல் தொடங்கியது, பாட்டு வந்தது 1994இல். ஸ்பைக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் 'ஹப்பி டேய்ஸ்' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் காட்சிகளுக்கு நடுவே இவர்களைப் பொருத்தியிருக்கிறார். அந்தத் தொடரே 1970களில் இருந்துகொண்டு 1950களை நினைத்து ஏங்கியது. ஏக்கத்தைப் பற்றிய ஏக்கத்தைப் பகிடி பண்ணிய வீடியோ அது. மூலமும் தெரியாமல் நகலும் தெரியாமல், எங்கள் சாமித்தட்டுக்குக் கீழே நாங்கள் அதை வரலாறாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1993இல், பதின்மூன்று வயதில். புதிதாக வந்த பிள்ளைக்கு மொழி பெரிய பிரச்சினை இல்லை. இரண்டு வருடத்தில் அது வந்துவிடும். எப்போது சிரிக்கவேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஆசிரியர் ஏதோ சொல்ல வகுப்பு சிரிக்கும், நான் அரைநொடி பிந்திச் சிரிப்பேன். அந்த அரைநொடிக்குள் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பட்டி ஹொலி சம்பவத்துக்குப் பிறகு ஒரு முடிவெடுத்தேன். இனி எதையும் முதலில் பகிடியாகவே எடுத்துக்கொள்வது. உண்மையென்று பிறகு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். பகிடியை உண்மையென்று நம்பினவனுக்குத்தான் மானம் போகும். உண்மையைப் பகிடி என்று எடுத்தவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கணக்கில் இருந்த பிழை விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

எங்கள் பேச்சில் பகிடி வேறு, நக்கல் வேறு. பகிடியில் இருவரும் சிரிப்பார்கள். நக்கலில் ஒருவன் சிரிப்பான், மற்றவன் சிரிப்பதுபோல் இருப்பான். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வஞ்சப்புகழ்ச்சி அணி படிப்பித்தார்கள். காளமேகம் சிவனைப் பிச்சைக்காரன் என்று பாடினால் அது வசையல்ல, துதி என்று பாடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், சிவனுக்கும் தெரியும். வீஸர் போன்ற குழுக்களோடு 90களில் வந்த எள்ளல் இன்னொரு வகை. நிர்வானாவுக்குப் பிறகு அமெரிக்க றொக் இசையில் மனதைத் திறந்து பாடுவதே கொஞ்சம் வெட்கக்கேடான காரியமாகிவிட்டது. பாடுவதையும் பாடவேண்டும், பாடுவதைத் தாங்களே பெரிதாக எடுக்கவில்லை என்றும் காட்டவேண்டும். அழுகிறாரா நடிக்கிறாரா என்று பாடுபவரும் சொல்லமாட்டார், கேட்பவரும் கேட்கமாட்டார். அவரவர் தப்பிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் குழுவின் கதை அப்படித் தொடங்கவில்லை. அவர்களுடைய முதல் அல்பத்தில் அவிழ்ந்துபோகும் ஒரு ஸ்வெற்றரைப் பற்றிய பாட்டு இருக்கிறது. இடையில் விருந்தொன்றில் பேசும் குரல்கள், மந்தமான ஒரு கிற்றார், பிறகு பெரிய இரைச்சல். வந்த நாளிலிருந்து அது ஒரு நகைச்சுவைப் பாட்டாகவே கொண்டாடப்படுகிறது. எழுதிப் பாடிய றிவேர்ஸ் குவோமோ அதைத் துக்கப் பாட்டாகத்தான் எழுதினாராம். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது சிரிப்பாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடி போட்ட, கூச்சமுள்ள, கிஸ் குழுவின் படங்களைச் சுவரில் ஒட்டி வளர்ந்த இளைஞர். இப்படியான ஒருவர் பகிடிக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று கேட்டவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எள்ளல் பாட்டுக்குள் இருந்ததா, கேட்டவர்களின் காதுக்குள் இருந்ததா?

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். குவோமோவின் இளமைக்காலம் கனெக்றிகட் மாநிலத்தில் 'யோகாவில்' என்ற ஆச்சிரமத்தில் கழிந்தது. அதை நிறுவிய சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த தமிழர். 1969இல் வூட்ஸ்ரொக் விழாவைத் தொடக்கி வைத்தவரும் அவர்தான். முதலில் இதை வாசித்தபோது இரவு பதினொரு மணிக்குத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, 'டேய், வீஸர் எங்கட ஆள்' என்றேன். தன்னுடைய எதையும் விட்டுக்கொடுக்காத ஒரு சனம் நாங்கள். ஆனால் பிறகு யோசித்தால், கேலிக்கு அங்கே அவ்வளவு இடம் இருந்திருக்காது. எல்லோரும் சொல்வதை மனதாரச் சொல்லும் ஓர் இடத்தில் வளர்ந்த பிள்ளை, பிறகு சாதாரண அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறான். அவனும் என்னைப்போல அரைநொடி பிந்திச் சிரித்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்பது என்னுடைய ஊகம். இது வெறும் ஊகம்தான்.

முதல் அல்பம் பெரிய வெற்றி. அந்தப் பணத்தில் குவோமோ தன் காலைச் சரிசெய்தார். பிறவியிலேயே ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்புக் கூடு பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் சிகிச்சை அது. அந்த வலியோடு 1995 இலையுதிர்காலத்தில் ஹார்வர்டில் போய்ச் சேர்ந்தார். கம்பு ஊன்றிப் பனியில் நடந்தார், யாரோடும் கதைக்கவில்லை. அங்கே எழுதிய பாட்டுகளோடு 1996 செப்டெம்பரில் 'பிங்கேர்ட்டன்' வந்தது. புச்சினியின் 'மடாம் பட்டர்பிளை' இசைநாடகத்தில் ஜப்பானியப் பெண்ணொருத்தியை மணந்து கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. நாயகனின் பெயரை அல்ல, குற்றவாளியின் பெயரை வைத்தார்.

அந்த அல்பத்தில் பகிடி இல்லை. இருந்தாலும் அது அழுகைக்கு நடுவே வரும் விக்கல் மாதிரித்தான். தனிமை, காமம், தன்மீதான அருவருப்பு எல்லாம் கழுவாத பாத்திரம்போலக் கிடந்தன. றோலிங் ஸ்ரோன் சஞ்சிகையின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மிக மோசமான அல்பங்களில் ஒன்றாகத் தெரிந்தார்கள். முதல் அல்பத்தின் பகிடிக்காரர்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்த ஆள் எதற்காக எங்களுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றுகிறான் என்று இருந்தது.

என்னிடம் அந்தக் கசெற் இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வந்தான். வலிகாமத்துப் பெடியன். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது அவனும் நடந்தவன். பிறகு கொழும்பு, பிறகு இங்கே. ஆங்கிலம் குறைவு, ஆனால் காது கூர்மை. என்னுடைய பிங்கேர்ட்டன் கசெற்றைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து தந்து, 'மச்சான், இந்தாள் பொய் சொல்லேல்லை' என்றான். அந்த அல்பத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான். இன்றுவரைக்கும் திறமானதும் அதுதான்.

அவன் ஒரு கொப்பியில் பாட்டுகள் எழுதத் தொடங்கினான். ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதினால் அம்மா வாசித்துவிடுவா என்று. அதில் ஒரு பாட்டு நாவற்குழிப் பாலத்தடியில் அவனுடைய அம்மம்மாவைக் கைவிட்ட கதை. கைவிட்டது என்றால் கையை விட்டது, அவ்வளவுதான். சனநெரிசலில் பிடி நழுவிவிட்டது. ஆறு நாள் கழித்துக் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மனுசி அதிகநாள் இருக்கவில்லை. நான் கிற்றார் வாசிப்பேன் என்பதால் மெட்டுப்போடச் சொல்லிக் கொப்பியை என்னிடம் தந்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு பிறந்தநாள். யாரோ ஒருவருடைய பேஸ்மென்ற். பதினைந்து இருபது பேர். என்னைப் பாடச் சொன்னார்கள். நான் அந்தப் பாட்டைப் பாடினேன். ஆனால் எப்படிப் பாடினேன் என்பதுதான் விசயம். அவனுடைய உச்சரிப்பிலேயே பாடினேன். இலக்கணப் பிழைகளை அழுத்திச் சொன்னேன். துக்கமான இடத்தில் சோகத் திரைப்பாட்டுப்போலக் குரலை நடுக்கினேன். உண்மையாகப் பாடினால் மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, நானே முந்திக்கொண்டேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். முடிந்தபிறகு முதுகில் தட்டி, 'நல்லாப் பகிடி பண்ணுறாய் மச்சான்' என்றான். கொப்பியை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் எழுதி நான் பார்த்ததில்லை.

பிங்கேர்ட்டனுக்குப் பிறகு குவோமோ என்ன செய்தார் என்பது எல்லா ரசிகருக்கும் தெரியும். 90களின் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீட்டில் சுவரையும் கூரையையும் கறுப்பாகப் பூசி, வெளிச்சம் வராமல் ஜன்னல்களை அடைத்து, தொலைபேசியைத் துண்டித்துவிட்டு இருந்தார். நிர்வானா, ஒயாசிஸ், கிறீன் டே பாட்டுகளை ஒரு கணக்காளர்போலப் பிரித்துக் குறிப்பெழுதி, ஏன் சனத்துக்கு இவை பிடிக்கின்றன என்று ஆராய்ந்தார். 2001இல் வெளிவந்து சொன்னது இதுதான்: பிங்கேர்ட்டன் ஒரு அருவருப்பான அல்பம். ஒரு விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் மனதைக் கொட்டி, அந்த நேரத்தில் பெருமையாகவும் இருந்து, அடுத்தநாள் காலையில் எழும்பி என்ன கூத்தாடினேன் என்று விளங்கும்போது வரும் வெட்கம் அது. அதே ஆண்டு வந்த அல்பத்தில் எல்லாப் பாட்டும் சுத்தம், சுருக்கம், இனிமை. உள்ளே ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் அதற்குள் ரசிகர்கள் மாறிவிட்டார்கள். அல்லது அதே ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள். 2002இல் அதே றோலிங் ஸ்ரோன் வாசகர்கள் பிங்கேர்ட்டனை எல்லாக் காலத்துக்குமான சிறந்த அல்பங்களில் 16ஆவதாகத் தெரிந்தார்கள். ஆறே ஆண்டுகள். இனி அவரிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இன்னொருமுறை அப்படி அழு. அவர் அழவில்லை என்று கோபித்தார்கள். அந்தக் கோபக்காரர்களில் நானும் ஒருவன். 2005இல் 'பெவர்லி ஹில்ஸ்' பாட்டு வந்தபோது, பணக்காரர்களைக் கேலி செய்கிறார் என்று ஒரு கூட்டமும், தன்னை விற்றுவிட்டார் என்று இன்னொரு கூட்டமும் சொன்னது. தான் உண்மையாகவே அப்படி வாழ ஆசைப்பட்டு எழுதியதாக அவர் சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. ஸ்வெற்றர் பாட்டுக்கு நடந்ததே திரும்ப நடந்தது. அவர் நேராகச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் அதைக் கோணலாகப் பிடித்தோம்.

அவரைத் தியாகியாக்க நான் வரவில்லை. கையுள்ள போர்வைக்குக் குழுவின் பெயரை அச்சடித்து 2009இல் விற்றவர்கள் இவர்கள். அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சி நடிகரின் படத்தை, குழுவோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல், அல்பத்தின் முகப்பில் போட்டார்கள். பகிடியை ஒரு குடைபோலப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் நடந்தார்கள். மழை இல்லாத நாட்களிலும் பிடித்தார்கள்.

பிங்கேர்ட்டனிலும் எல்லாம் தூய்மை இல்லை. அதில் 'அக்றோஸ் த ஸீ' என்றொரு பாட்டு. ஜப்பானிலிருந்து ஒரு இளம் ரசிகை எழுதிய கடிதம் ஹார்வர்டில் தனிமையில் இருந்தவருக்குக் கிடைக்கிறது. அவளைக் கண்டதில்லை, குரல் கேட்டதில்லை. கடிதத்தையும் அது வந்த தாளையும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பெண்ணைக் கற்பனை செய்து, அவள்மீது ஆசைப்பட்டு, அவள் தூரத்தில் இருப்பதற்காக அவளோடேயே கோபித்துக்கொள்கிறார். பதினாறு வயதில் நான் இதைக் காதலின் உச்சம் என்று நினைத்தேன். என் மகளுக்குப் பதினாறு வயதானபோது திரும்பக் கேட்டேன். காரை ஓரமாக நிறுத்திப் பாட்டை நிறுத்தினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. உண்மையாகச் சொன்னால் எல்லாம் நல்லதாகிவிடும் என்று எங்கள் தலைமுறை ரசிகர்களுக்கு ஒரு எண்ணம். ஒரு பிள்ளையின் கடிதத்தை எடுத்துத் தன் பசிக்கு ஆக்கிச் சாப்பிட்டவன் அதை ஒளிக்காமல் சொன்னான் என்பது அந்தப் பிள்ளைக்கு என்ன ஆறுதல்?

இன்னொன்றும் அன்றைக்கு விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு அவர் செய்ததைத்தான் நாங்கள் அவருக்குச் செய்தோம். அவரிடம் ஒரு கடிதம் இருந்தது, எங்களிடம் ஒரு கசெற் இருந்தது. நாற்பது நிமிடமும் இல்லாத அந்தப் பாட்டுகளை வைத்து ஒரு முழு மனிதனைக் கட்டி, பிறகு உயிரோடிருக்கிற ஆள் அதைப்போல இல்லை என்று வருடக்கணக்காக ஏசினோம்.

ஏசுவது என்றால் சாதாரண ஏச்சு அல்ல. 2010இல் ஒரு ரசிகர் இணையத்தில் பணம் சேர்க்கத் தொடங்கினார்: 10 மில்லியன் டொலர் தருகிறோம், தயவுசெய்து குழுவைக் கலைத்துவிடுங்கள் என்று. 20 மில்லியன் தந்தால் இன்னும் திறமாகக் கலைகிறோம் என்ற பாணியில் மேளக்காரர் பற் வில்சன் பதில் போட்டார். கேட்டவர் பகிடிக்குக் கேட்டாரா, சொன்னவர் பகிடிக்குச் சொன்னாரா? இரண்டிலும் வலி இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2018 டிசெம்பரில் 'சற்றர்டே நைற் லைவ்' நிகழ்ச்சியில் ஒரு நாடகத் துண்டு போட்டார்கள். நத்தார் விருந்து மேசையில் மற் டேமனும் லெஸ்லி ஜோன்ஸும் பிங்கேர்ட்டனுக்குப் பின்வந்த அல்பங்களைப் பற்றி அடிபடாத குறையாகச் சண்டை பிடிப்பார்கள். மேசையில் உள்ள மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் வீட்டில் தம்பியும் நானும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்களை யாரோ ஒளித்திருந்து படம் பிடித்ததுபோல இருந்தது.

எனக்கு இந்த நேரங்களில் சுந்தரர்தான் ஞாபகம் வருவார். வன்தொண்டர், தம்பிரான் தோழர். கண்பார்வை போனபோது சிவனோடு நேருக்கு நேர் சண்டை பிடித்தவர். அந்த ஏச்சு தேவாரமாயிற்று. உரிமை உள்ளவன்தான் ஏசலாம், ஏசுபவன் விட்டுப்போகமாட்டான் என்பது அதற்குள் இருக்கும் உடன்பாடு. வீஸர் ரசிகர்களும் வன்தொண்டர்கள்தான் என்று கனகாலம் என்னை நானே தேற்றிவந்தேன். ஆனால் உவமை ஓரிடத்தில் உடைகிறது. சிவன் என்று தெரிந்துகொண்டு சுந்தரர் அவரைப் பார்த்துச் சிரித்தவர் அல்ல. நாங்கள் சிரித்தவர்கள். அவர் உண்மையாகவே வந்து நின்ற அந்த ஒருநாளில் சிரித்துவிட்டு, பிறகு பதினைந்து வருடம் வாசலில் நின்று 'வெளியே வா, உண்மையாக வா' என்று கத்தினோம். எந்த உரிமையில்?

ரசிகனுக்கு ஒரு உரிமையும் இல்லை, கேட்டோமா போனோமா என்று இருக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. தன் பாட்டைச் சனம் தங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்றுதான் ஒருவர் பாடுகிறார். வைத்தபிறகு, அது வெறும் பாட்டுத்தானே என்று அவர் கைகழுவ முடியாது. 2002இல் அல்பம் செய்யும்போது குவோமோவே பாதிப் பாட்டுகளை இணையத்தில் போட்டு ரசிகர்களிடம் அபிப்பிராயம் கேட்டவர். 2014இல் 'பக் ரு த ஷக்' என்ற பாட்டில் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். உங்களை மறந்துவிட்டேன், 94இல் போலத் திரும்ப வாசிப்போம் என்ற கருத்தில். முதல் அல்பத்தின் தயாரிப்பாளர் றிக் ஒகாசெக்கையே திரும்ப அழைத்திருந்தார். ஆகவே கடன் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த மன்னிப்பைக் கேட்டபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கூசியது. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவர் அல்ல என்று இருந்தது. அப்போதும் ரசிகர்களில் பாதிப்பேர், இது உண்மையா பகிடியா என்றுதான் பட்டிமன்றம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடன் இருக்கிறது என்றால், என்ன கடன்? திரும்பவும் காயப்பட்டுக் காட்டவேண்டும் என்பது அல்ல. எனக்கு முன்னால் நின்று பாடும் ஒருவர் எந்தத் தொனியில் பாடுகிறாரோ அந்தத் தொனியிலேயே அதை முதல்முறை கேட்டுப் பார்ப்பது, அது கேட்பவனுடைய கடன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஏமாந்துபோகலாம். 1950களின் குழு என்று நம்பி வகுப்பில் அவமானப்படலாம். பட்டி ஹொலியை வரலாறு என்று பார்த்த அந்தப் பதினாறு வயதுப் பெடியன், பேஸ்மென்றில் பாடிய பெடியனைவிட நல்ல ரசிகன். இருவருக்கும் இடையில் சில மாதங்கள்தான்.

2018இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பதின்மவயதுப் பிள்ளை ஒருத்தி ருவிற்றரில் விடாப்பிடியாக நின்றாள். ரோற்ரோ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டான 'ஆபிரிக்கா'வை வீஸர் பாடவேண்டும் என்று. குழு முதலில் அதே ரோற்ரோவின் 'றொசானா'வைப் பாடி அவளைச் சீண்டியது. சில நாட்களில் 'ஆபிரிக்கா'வையும் வெளியிட்டது. பகிடிக்குச் செய்த அந்தப் பாட்டு அமெரிக்க ஓல்ரனேற்றிவ் தரவரிசையில் முதலாமிடத்துக்குப் போனது. பதிலுக்கு ரோற்ரோ குழு வீஸரின் 'ஹாஷ் பைப்'பைப் பாடியது. மூலத்திலிருந்து கொஞ்சமும் விலகாத, ஒரு சோம்பேறிப் பிரதி என்பது என் அபிப்பிராயம். வன்தொண்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீஸரை அவளுக்குத் தெரிந்ததே அந்தப் பாட்டில்தான். பின்னொரு கோடையில் ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் அவர்கள் பாடியபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிங்கேர்ட்டனிலிருந்து ஒரு பாட்டு வந்தபோது என் வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள், நானும்தான். பிறகு 'ஆபிரிக்கா' தொடங்கியது. எங்களில் பலர் பியர் வாங்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், மகள் கதிரையில் ஏறி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவளைப்போல நூறு பிள்ளைகள். மேடையில் குவோமோ வழக்கம்போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்கிறார்.

காரில் வரும்போது, 'அது அவை பகிடிக்குப் பாடின பாட்டு, தெரியுமா?' என்றேன்.

'தெரியும் அப்பா. பகிடிக்குத் தொடங்கிச்சினம். பிறகு அவைக்கே பிடிச்சுப்போச்சுப் போல' என்றாள்.

போன வருடம் மார்க்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் அவனைக் கண்டேன். ஏறக்குறைய இருபத்தைந்து வருடம். தலை நரைத்து, கணக்காளராக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டு வரிசையில் நின்று ஊர்க்கதை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுவிலை எல்லாம் கதைத்தோம். நான் ரசிகர்களைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்த காலம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தப் பேஸ்மென்றில் நான் செய்தது பிழை, அந்தப் பாட்டை நான் அப்படிப் பாடியிருக்கக்கூடாது என்று சொன்னேன். எவ்வளவு ஒத்திகை பார்த்தும் குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது. அன்றைக்கு நான் நடித்துக் காட்டிய அதே நடுக்கம்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

'எந்தப் பாட்டு மச்சான்?' என்று கேட்டான்.

அவனுடைய முகத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். உண்மையாகவே மறந்துவிட்டானா, மறந்ததுபோல் நின்று என்னை விட்டுவிடுகிறானா, அல்லது அன்றைக்கு நான் செய்ததை இன்றைக்கு எனக்குத் திருப்பித் தருகிறானா என்று தெரியவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. அவன் என் தட்டில் ஒரு வடையை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்தான்.